மடக்குத் தூண்டில்

இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்,
6.1.2025

அன்பு மகன் பிரிட்டோவுக்கு அப்பா இன்னாசி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும் போலத்தான். நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில் வேண்டிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ அம்மாவுக்கு அனுப்பிய பிஸ்கட் வந்து சேர்ந்தது. அந்த அட்டைப் பெட்டியில் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. நீ அம்மாவுக்குப் போன் செய்யும்போது என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாய். மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கிளறுவதற்கு இந்தக் கடிதம் இல்லை. இது ஒரு தூண்டில் விஷயம்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் பக்கத்துக் கழனி கந்தசாமியும் மாசத்துக்கு ஒரு தடவை கல்வராயன் மலையில் நடக்கிறோம். ஆளுக்கொரு முதுகுப் பை, அதில் அரிசி, சட்டி, போர்வை, தார்ப்பாய். இரண்டு நாள் நடை. லைன்மேனாக இருந்தபோது கம்பி இழுக்க எந்தெந்த ஓடையைத் தாண்டினேனோ, அங்கெல்லாம் இப்போது அடுப்பு மூட்டுகிறோம். காப்புக்காட்டுப் பக்கம் போவதில்லை. ஊர் ஓடையில், ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டுதான் கெண்டை பிடிக்கிறோம்.

தொல்லை என்னவென்றால் மூங்கில் கோல். பன்னிரண்டு அடி. போன மாசம் அதோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "யோவ் பெருசு, இன்னா கொடிக்கம்பத்த தூக்கிக்கினு வர்ற? எறங்கு, எறங்கு" என்று இறக்கிவிட்டான். மலைப்பாதையில் ஒவ்வொரு புதரிலும் மாட்டிக்கொண்டு வருகிறது. கந்தசாமி மகள் தங்கமணி போனில் ஒரு படம் காட்டினாள். ஜப்பான்காரர் ஒருவர் பையிலிருந்து ஒரு முழக் கோலை எடுத்து இழுக்கிறார், இழுக்க இழுக்கப் பத்தடிக்கு மேல் போகிறது. தூண்டில் நரம்பைச் சுற்ற ராட்டை கிடையாது. நுனியில் கட்டி வீசுகிறார், அவ்வளவுதான். டென்காரா என்று பெயராம். நம் தூண்டிலேதான், ஆனால் பைக்குள் அடங்குகிறது.

நீ அந்த நாட்டிலேயே இருக்கிறாய். எடை கம்மியாக, பையில் அடங்குகிற மாதிரி எதை வாங்கலாம் என்று கடையில் விசாரித்து எழுது. உன் கையால் எழுது.

தேவதாய் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா இன்னாசி


கிஃபு, ஜப்பான்,
2.2.2025

மாமா அவர்களுக்கு இசைவாணியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். இங்கே முழங்கால் அளவு பனி. உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் இப்போது எப்படி இருக்கின்றன?

அவருக்குத் தொழிற்சாலையில் வேலை ஜாஸ்தி. அதனால் பதிலை என்னை எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சில கேள்விகள். ஓடை எவ்வளவு அகலம்? மேலே கிளை கவிந்திருக்குமா, திறந்த வெளியா? பிடிப்பது விரல்நீளக் கெண்டையா, ஒரு கிலோ சிலேபியா? பைக்குள் எத்தனை அங்குலம் இடம் இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் கோல் வாங்குவது காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவது போல என்கிறார்.

எடை கம்மியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எடையை மட்டும் பார்க்கக் கூடாதாம். டென்காராவில் நரம்பு ஏறக்குறையக் கோலின் நீளம்தான் இருக்கும். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடினால் விட்டுக் கொடுக்க ராட்டை இல்லை. கோல்தான் வளைந்து தாங்க வேண்டும். அதனால் மடித்தால் எத்தனை நீளம், நுனி எப்படி வளைகிறது, கைப்பிடி ஈரக்கையில் வழுக்குமா, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறார். மண்புழுவும் வேண்டாமாம். தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றி ஈ மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். கெண்டை அதையே பாய்ந்து கவ்வும்.

பதில் எழுதுங்கள். அத்தையை நாங்கள் கேட்டதாகச் சொல்ல முடியாது என்று தெரியும், மனதுக்குள் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
இசைவாணி


இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்,
25.2.2025

அன்பு மகன் பிரிட்டோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் வீட்டிலிருந்து வந்த கடிதம் கிடைத்தது. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. கேள்விகளும் நல்ல கேள்விகள். கேட்டவற்றுக்குப் பதில்: ஓடை அகலமான இடத்தில் இருபது அடி, மற்ற இடத்தில் ஒரு தாண்டு. பாதி தூரம் மூங்கில் கவிந்திருக்கும், மீதி பாறையும் வெயிலும். கெண்டைதான் நிறைய, எப்போதாவது சிலேபி. பைக்குள் பதினெட்டு அங்குலம் இடம் இருக்கிறது, தார்ப்பாயை உருட்டி வைத்த பிறகு.

எடை விஷயத்தில் நான் விடமாட்டேன். இருக்கிறதிலேயே லேசானதுதான் வேண்டும். ஏணியும் கம்பிச் சுருளும் தூக்கி ஏறிய தோள் இது, இனிமேலாவது அதற்கு லேசாக ஏதாவது கொடுக்கிறேன். கந்தசாமி சிரிக்கிறான். "ஒரு மூங்கிலுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? பொண்ணு பாக்கும்போதுகூட நீ இவ்ளோ கேக்கலியே இன்னாசி" என்கிறான். ஆனால் அவனும் ஒன்று வேண்டும் என்று உள்ளுக்குள் நினைக்கிறான், எனக்குத் தெரியும்.

ஒரு பெரிய சந்தேகம். அந்தக் கோல் கார்பனில் செய்தது என்று தங்கமணி படித்துச் சொன்னாள். கார்பன் கரண்டைக் கடத்தும். மலையில் ஓடைக்குக் குறுக்கே லைன் போகிற இடம் ஒன்பது. எல்லாம் நான் இழுத்த லைன். பத்தடிக் கார்பனை அதன் கீழே நிமிர்த்திப் பிடித்தால் மீனுக்குப் பதில் என்னைக் குழம்பு வைக்க வேண்டியதுதான். கைப்பிடியில் இன்சுலேஷன் உண்டா என்று கேள். இதற்காவது நீயே பதில் எழுது.

இப்படிக்கு,
அப்பா


கிஃபு,
23.3.2025

மாமா அவர்களுக்கு வணக்கம். நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தவக்காலம் தொடங்கியிருக்குமே, வெறும் வயிற்றோடு மலை ஏற வேண்டாம், சர்க்கரைக்கு ஆகாது.

அவர் இந்த மாதமும் ஓய்வில்லாமல் இருக்கிறார். அவர் சொல்லி நான்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், நான் பேசும் ஜப்பானிய மொழியைக் கேட்டுச் சிரித்தாலும் பொறுமையாக ஒவ்வொரு கோலையும் விரித்துக் கொடுத்தார். இந்த மாதம்தான் ஆற்றில் மீன் பிடிக்க அனுமதி திறந்திருக்கிறது. ஒருநாள் சீட்டு வாங்கி, கடைக்காரர் இரவல் கொடுத்த கோல்களைக் கொண்டுபோய் வீசியும் பார்த்தோம்.

முதலாவது, எட்டடிக் கோல். முப்பத்தெட்டு கிராம். ஒரு கோழிமுட்டை எடைகூட இல்லை. மடித்தால் ஒரு அடி. கையில் இருப்பதே தெரியாது. ஆனால் அரைக்கிலோ மீன் மாட்டியபோது நுனி அழுதுவிட்டது. கல்லில் ஒருமுறை தட்டினால் போயிற்று.

இரண்டாவது, இரண்டு நீளத்தில் நிற்கும். மூங்கிலுக்குக் கீழே ஒன்பதடியில் நிறுத்திக்கொள்ளலாம், பாறை வெளியில் பத்தரை அடிக்கு இழுத்துக்கொள்ளலாம். அறுபத்தாறு கிராம். மடித்தால் பதினாறு அங்குலம், உங்கள் பைக்குள் இன்னும் இரண்டு அங்குலம் மிஞ்சும்.

மூன்றாவது பன்னிரண்டடி. அருமையான கோல். ஆனால் மடித்தாலும் இருபத்து மூன்று அங்குலம். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும், அந்தக் கண்டக்டர் மறுபடியும் இறக்கிவிடுவார்.

இரண்டாவதுதான் உங்களுக்குச் சரி என்பது அவர் முடிவு. கரண்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. மின்கம்பியருகே விரிக்காதே என்று ஒவ்வொரு கோலிலும் படத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். கைப்பிடி வெறும் தக்கை, அதை நம்பக் கூடாது. அந்த ஒன்பது இடத்திலும் கோலை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். லைன்மேனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அவர் சொன்னார்.

பணிவுடன்,
இசைவாணி


இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்,
14.4.2025

அன்பு மகன் பிரிட்டோவுக்கு, நலம், நலமறிய ஆவல். இது பெரிய வாரம். இன்றே சித்திரை ஒன்றும் பிறந்திருக்கிறது. கடிதம் எழுதுகிறவருக்கும் என் புத்தாண்டு வாழ்த்தைச் சொல்.

அவருக்கு இன்னொன்றும் சொல். அவர் ஊரான நைனார்பாளையம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் கடிதத்தின் தலையில் உ போட்டுத்தான் தொடங்குவார்கள். எனக்காகத் தாளின் தலையை மொட்டையாக விட்டிருக்கிறார் என்று இரண்டாவது கடிதத்தில்தான் கவனித்தேன். விட வேண்டாம். அவர் சாமியை அவர் மேலே வைக்கட்டும், என் சாமியை நான் மேலே வைக்கிறேன். தபால்காரன் இரண்டையும் ஒரே பையில்தான் கொண்டு வருகிறான்.

போன வாரம் மலைக்குப் போனோம். தவக்காலம் என்பதால் எனக்குக் கவிச்சி கிடையாது, மீனும் கிடையாது. கந்தசாமி பிடித்தான், நான் கழுவிக் குழம்பு வைத்தேன், அவன் தின்றான். "உங்க சாமி எனக்கு நல்ல சமையக்காரனா குடுத்துக்கிறாரு. வருசம் பூரா தவக்காலம் இருந்தா இன்னா?" என்று கேட்கிறான். கொழுப்பு.

கோல் விஷயத்தில் எனக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. முப்பத்தெட்டு கிராம் என்று படித்ததிலிருந்து வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை. நுனி ஒடியும் என்பது பக்குவமில்லாத கைக்கு. என் கை அப்படிப்பட்டதல்ல.

ஒரு கேள்வி. கந்தசாமிக்குக் கெளுத்தி குத்தி உள்ளங்கை பொங்கல் பானை மாதிரி ஆகிவிட்டது. கெளுத்தி மாட்டினால் குத்துப்படாமல் எப்படிக் கழற்றுவது? குத்திவிட்டால் என்ன செய்வது? இதைப் பிரிட்டோவையே கேட்டு எழுதவும்.

உயிர்த்த ஆண்டவர் உங்களுக்குத் துணை.

அப்பா


உ

கிஃபு,
11.5.2025

மாமா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் நலம். கந்தசாமி மாமாவின் கை ஆறிவிட்டதா? உ போட்டிருக்கிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு எழுத்தைக் கவனித்துச் சொன்னீர்கள். அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

கெளுத்தி பற்றி அவர் சொன்னது: முதுகில் ஒரு முள், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. வாலிலிருந்து பிடிக்கப் போகக் கூடாது. வயிற்றுப் பக்கமாகக் கை கொடுத்து, பக்க முள் இரண்டும் விரல் இடுக்கில் வருமாறு பிடித்தால் அதனால் திருப்பிக் குத்த முடியாது. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வேண்டும். வலி இறங்கிவிடும். சின்ன வயதிலிருந்து பிடித்த பழக்கமாம், பயப்படாமல் பிடித்தால் கெளுத்தி ஒன்றும் செய்யாது என்கிறார்.

கோல் விஷயத்தில் நானும் விடமாட்டேன். பத்துக் கிலோ பை தூக்குகிறவருக்கு இருபத்தெட்டு கிராம் ஒரு பாரமா? நீங்கள் தினமும் எடுத்துப் போகும் சர்க்கரை மாத்திரைகளே அதைவிட ஜாஸ்தி இருக்கும். மலைமேல் இரண்டாம் நாள் கோல் ஒடிந்து, கந்தசாமி மாமா பிடிப்பதை நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டுமா? தவக்காலமும் முடிந்துவிட்டது.

இரண்டாவதை வாங்கலாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இசைவாணி


இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்,
8.6.2025

மருமகள் இசைவாணிக்கு மாமா இன்னாசி எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். நீ நலமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உன் பெயரை இதற்குமுன் ஒரு கடிதத்திலும் நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

இசைவாணி அம்மா, பிரிட்டோவுக்குப் பத்து வயதிருக்கும்போது கோமுகி அணைப் பக்கம் கூட்டிப்போனேன். ஒரு கெளுத்தி குத்தியது. பையன் மயக்கம் போட்டு விழுந்தான். தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து அவன் மீனைத் தொட்டது கிடையாது. குழம்பில் தலை கிடந்தால் தட்டை நகர்த்திவிடுவான். அப்படிப்பட்டவன் நுனி வளைவையும் கைப்பிடி வழுக்கலையும் பேசுகிறான் என்றால் நான் நம்புவேனா? உன் முதல் கடிதத்திலேயே சந்தேகம். கெளுத்தி கேள்வி சோதனைக்காகக் கேட்டது. "பயப்படாமல் பிடித்தால் ஒன்றும் செய்யாது" என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். உன் அத்தை, "தனியா இன்னாத்துக்கு சிரிச்சிக்கினு கீற?" என்று வந்து பார்த்தாள்.

தூண்டிலைப் பற்றி எழுதியதெல்லாம் நீ. நல்ல அறிவு உனக்கு. நீ சொன்னதே சரி, இரண்டாவது கோலையே வாங்கு. இதுவரை நான் ஒரு தகராறில் தோற்றதாக என் கைப்பட எழுதியதில்லை, பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நேராகச் சொல். நான் எழுதியதையெல்லாம் அவன் படிக்கிறானா? எனக்குத் தூண்டில் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும் என்பதற்காகத்தான் முதல் கடிதத்தை எழுதினேன்.

இப்படிக்கு,
மாமா


உ

கிஃபு,
20.7.2025

மாமா அவர்களுக்கு வணக்கம். நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனது தபாலால் அல்ல. நான்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் படிக்கவில்லை. ஒன்றைக்கூட. முதல் கடிதம் வந்தபோது உறையின்மேல் உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, "நீ வேணும்னா படிச்சிக்கோ" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பதில் எழுதச் சொன்னார் என்று எழுதியது பொய். ஆற்றில் வீசிப் பார்த்தது நானும் கடைக்காரர் மனைவியும். உங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடிதம் வந்ததும் சட்டை மாற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நிற்பார். "மொதல் ரெண்டு வரிய மட்டும் படி" என்பார். நானும் அம்மாவும் நலம் என்றோ, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றோ படிப்பேன். "போதும்" என்று போய்விடுவார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த இரண்டு வரிக்குமேல் அவர் கேட்டதே இல்லை.

நானும் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கள்ளக்குறிச்சியில் பதிவுத் திருமணம் செய்த மறுநாள் நீங்கள் எங்கள் தெருவில் வந்து நின்று, என் அப்பா அம்மாவை ஊரே கேட்கப் பேசினீர்கள். "உன் பொண்ணு என் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றீர்கள். தூண்டில் பேசியதில் அது மறந்துபோயிற்று என்று நினைக்காதீர்கள். எனக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது என்பதும் உண்மை, அது வலிக்கிறது என்பதும் உண்மை.

உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இனி நான் பேச மாட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை நீங்களே எழுதுங்கள்.

இசைவாணி


வடக்கனந்தல்,
10.8.2025

பிரிட்டோ, தப்பு என்னுடையது. இசைவாணி வீட்டு வாசலில் நின்று நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் தப்பு, என்னை மன்னித்துவிடு.

நீ இரண்டு வரிதான் கேட்பாய் என்று தெரிந்ததால் சாமி பெயரையும் நலம் விசாரிப்பையும் பின்னால் தள்ளிவிட்டேன். இயேசு மரி சூசை துணை. நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா?

இதற்குமேல் நீ கேட்பாயோ மாட்டாயோ, எழுதி வைக்கிறேன். லைன்மேன் மகன் நீ, உனக்கு எல்.சி. தெரியும், லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தி எல்.சி. வாங்குவோம். வாங்கியவன்தான் வேலை முடிந்து திரும்பி வந்து அதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் கரண்ட் விட மாட்டார்கள். உனக்கும் எனக்கும் நடுவில் லைனை நிறுத்தியவன் நான். நிறுத்திவிட்டு, மகன்தானே முதலில் பேச வேண்டும் என்று மூன்று வருஷம் கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கீழே வேலை பார்த்த ஒரு ஹெல்பர் இப்படிச் செய்திருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பேன்.

நீ ஒரு நல்ல பெண்ணைக் கட்டியிருக்கிறாய். அவள் எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்த்த என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அவளையும் பார்க்க வேண்டும். தூண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா


கிஃபு,
14.9.2025

அப்பாவுக்கு பிரிட்டோ எழுதுவது. நாங்கள் நலம். சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களா?

வழக்கம்போல இரண்டு வரி படித்ததும் இசைவாணி நிறுத்திவிட்டாள். நான் போதும் என்று சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி நானே படித்தேன். பிறகு பழைய கடிதங்களையும் கேட்டு வாங்கிப் படித்தேன். கண்டக்டர் இறக்கிவிட்டதைப் படித்துச் சிரித்தேன். உங்களை நினைத்துச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று அப்பா.

இரண்டாவது கோலை வாங்கிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனோம். வீசியது நான். நம்ப மாட்டீர்கள், ஒன்று மாட்டியது. அதைக் கழற்றியது இசைவாணி. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன்.

டிசம்பர் இருபதாம் தேதி ஊருக்கு வருகிறோம். ஒரு மாதம் இருப்போம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதி என்னுடையது அல்ல, என் மாமனார் மாமியாருடையது. நீங்கள் எல்.சி. வாங்கியது நைனார்பாளையத்தில். அதை வடக்கனந்தலில் இருந்துகொண்டு தபாலில் திருப்பித் தர முடியாது என்று உங்களுக்கே தெரியும். அங்கே போய்க் கொடுங்கள். போனால் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறோம். போகாவிட்டால் அம்மாவை மட்டும் வெளியில் எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

உங்கள் மகன்,
பிரிட்டோ


இயேசு மரி சூசை துணை

வடக்கனந்தல்,
12.10.2025

அன்பு மகன் பிரிட்டோவுக்கும் மருமகள் இசைவாணிக்கும் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. சோறு கம்மி செய்துவிட்டேன். மலையில் மழை, ஓடையில் தண்ணீர் நிறைய.

உன் எழுத்தைத் தபால்காரர் கையில் பார்த்ததும் அங்கேயே நின்று படித்துவிட்டேன். பிறகு எல்லாக் கடிதத்தையும் அம்மா முன்னால் வைத்தேன். "ஒம்போது மாசமா எனக்குத் தெரியாம எழுதிக்கினு இருந்தியா?" என்று ஒரு மூச்சுத் திட்டினாள். நைனார்பாளையத்துக்கு நீயும் வா என்று கூப்பிட்டேன். "கத்தும்போது தனியாத்தான போன? இப்பவும் தனியாவே போய்ட்டு வா" என்றாள். உன் அம்மா செபஸ்தியம்மாளிடம் நியாயம் பேசி ஜெயித்தவன் கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் போனேன். பால் ஊற்றுகிற நேரமாகப் பார்த்துப் போனேன், அன்றைக்கும் அதே நேரம்தான். எதிர்க் கடைக்காரர் பாவாடை என்னைப் பார்த்ததும் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார். பால் தூக்கோடு ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். இன்னொரு சண்டை என்று நினைத்திருப்பார்கள். நானும் குரலைத் தணிக்கவில்லை. கேவலமாகப் பேசியதை ஊர் கேட்டது, மன்னிப்புக் கேட்பதையும் ஊர் கேட்கட்டும். "வெங்கடேசன், அன்னிக்கி நான் பேசுனது அத்தினியும் தப்பு. உங்க பொண்ணு மாதிரி ஒரு மருமக எனக்குக் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்றேன்.

இசைவாணி, உன் அப்பா வாசலில்தான் இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். உன் அம்மா வெளியே வந்தார்.

"மூணு வருசமா இந்தத் தெருவுல தலயக் குனிஞ்சிக்கினு பால் ஊத்திட்டு வர்றேன். அத்த எப்டிங்க திருப்பித் தருவீங்க?" என்றார்.

"தர முடியாதும்மா" என்றேன். கிளம்பலாம் என்று திரும்பினேன். உன் அப்பா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன். காப்பி வந்தது. குடித்தேன். பிறகு உன் அப்பா, "அந்த மடக்குத் தூண்டிலு எத்தினி அடி போகும்?" என்று கேட்டார். நீ அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தரை அடி என்றேன். தலையாட்டினார்.

எழுந்திருக்கும்போது உன் அம்மா கேட்டார், "எம்பொண்ணு ஊருக்கு வந்தா மொதல்ல எந்த வூட்ல எறங்குவா?"

"இங்கதான். நான் இங்க வந்து பொண்ணு அழச்சிக்கினு போறேன்" என்றேன். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் அழைப்பது உனக்கு நடக்கவே இல்லை. நடக்காமல் செய்தவன் நான். அதனால் டிசம்பர் இருபதாம் தேதி ஏர்போர்ட்டிலிருந்து நேராக நைனார்பாளையம் போய்விடுங்கள். மறுநாள் காலையில் நானும் அம்மாவும் கந்தசாமி குடும்பமும் வருகிறோம்.

இதைச் சொன்னதும் உன் அம்மா வாசப்படிக்கு வந்தார். முகம் இளகவில்லை. பாவாடை கடை வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"மூணு வருசம் ஆயிடிச்சேன்னு வெறுங்கையோட வந்து நிக்காதீங்க. பூவு, பழம், பொடவ எல்லாம் வெச்சி, தட்டோட வாங்க."

இப்படிக்கு,
இன்னாசி